டாஸ்பாக்ஸில் சத்தம் திக்கித் திக்கி வருகிறதா? எங்கே கைவைப்பது, எங்கே வைக்கக் கூடாது

பழைய டாஸ் கேமை, அதை இன்றைய கணினியில் ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலில் ஏற்றியாயிற்று. படம் வருகிறது, விசைகள் வேலை செய்கின்றன. ஆனால் இசை மட்டும் கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி வெட்டி வெட்டிக் கேட்கிறது. துப்பாக்கி வெடித்தால் 'டும்' என்று கேட்காமல் 'ட்-ட்-டும்' என்கிறது. உடனே கை தானாகப் போவது வேகத்தைக் கூட்டும் கன்ட்ரோல்+எஃப்12-க்குத்தான். வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற நினைப்பு. பல சமயம் அதுவே கோளாறைப் பெரிதாக்குகிறது. வேகம் போதாமலும் சத்தம் உடையும், வேகம் மிஞ்சிப் போயும் உடையும். காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கேட்கும். எதனால் உடைகிறது என்று தெரியும்வரை எந்த எண்ணையும் மாற்றாதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸில் ஓடும் டாஸ்பாக்ஸ் 0.74-3 பதிப்பை வைத்து. 2019-இல் வந்த அந்தப் பதிப்புதான் இன்றும் பலருடைய கணினியில் இருக்கிறது. லினக்ஸ், மேக் என்றால் அமைப்புக் கோப்பு இருக்கும் இடம் மாறும், உள்ளே உள்ள பெயர்கள் மாறா. கோப்பிலும் கட்டளை வரியிலும் அந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பைத் திறந்தால் எது எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

டாஸ்பாக்ஸ் உங்கள் கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் போலச் செய்து காட்டுகிறது. அதன் வேலை முழுவதும் மில்லி விநாடிக் கணக்கில் நடக்கிறது. சைக்கிள்ஸ் என்ற எண்ணுக்குப் பொருள், அந்தப் போலிக் கணினி ஒரு மில்லி விநாடியில் எத்தனை கட்டளைகளைச் செய்து முடிக்க வேண்டும் என்பது. 3000 என்று இருந்தால் விநாடிக்கு 30 லட்சம் கட்டளைகள். ஒரு மில்லி விநாடிக்குரிய வேலை முடிந்தால் அதற்குரிய ஒலித்துண்டும் தயாராகும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்) என்பதால் ஒரு துண்டில் 44 சொச்சம் மாதிரிகள்.

இந்தத் துண்டுகள் போய்ச் சேரும் மிக்ஸரை, அதாவது ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பகுதியை, ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து டாஸ்பாக்ஸ் ஊற்றுகிறது, கீழே ஸ்பீக்கர் உறிஞ்சுகிறது. ஸ்பீக்கர் யாருக்காகவும் காத்திருக்காது. தொட்டி காய்ந்த கணமே சத்தத்தில் வெட்டு விழும்.

சைக்கிள்ஸ் எண் அளவுக்கு மிஞ்சி இருந்தால், ஒரு மில்லி விநாடி வேலையை முடிக்க உங்கள் நிஜக் கணினிக்கு ஒன்றரை மில்லி விநாடி பிடிக்கும். தொட்டிக்கு வரத்து குறைந்து அது காய்ந்துபோகும். எண் மிகக் குறைவாக இருந்தால் வரத்து நேரத்துக்கு வரும். ஆனால் போலிக் கணினியே மூச்சு வாங்குவதால் கேம் தன் ஒலியை உரிய நேரத்தில் கொடுக்க முடியாது. தொட்டிக்குள் விழுவதே வெட்டுப்பட்ட சத்தமாக இருக்கும். இவை இரண்டுமே இல்லாமல் தொட்டி சிறியதாக இருப்பதும் ஒரு காரணம். சராசரி வரத்து சரியாகவே இருக்கும், ஆனால் விண்டோஸ் வேறு வேலைக்குத் திரும்பிய ஒரு நொடிப்பொழுதைத் தாங்கும் அளவுக்குத் தொட்டியில் தண்ணீர் இருக்காது.

எந்தக் கோளாறு என்று கண்டுபிடிக்க 20 விநாடி போதும்

இதற்கான கருவி டாஸ்பாக்ஸிலேயே இருக்கிறது. கன்ட்ரோல்+எஃப்6 அழுத்தினால் கேமின் ஒலி ஒரு வேவ் கோப்பில் பதிவாகும். அந்தப் பதிவு ஸ்பீக்கர் வழியாகப் போவதில்லை, நேரே மிக்ஸரிலிருந்து எடுக்கப்படுகிறது. அதனால்தான் இந்தச் சோதனை பயன்படுகிறது.

1. கேமில் சத்தம் வழக்கமாக உடையும் இடத்துக்குப் போங்கள்.
2. கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைத் தயாராக வைத்துக்கொண்டு, கன்ட்ரோல்+எஃப்6 அழுத்தும் அதே நேரத்தில் அதையும் ஓடவிடுங்கள். கேம் திரையில் எதுவும் மாறாது. டாஸ்பாக்ஸோடு திறந்திருக்கும் கறுப்புச் சாளரத்தில் பதிவு தொடங்கியதாக ஒரு வரி வரும். லேப்டாப்பில் அந்த வரி வரவில்லை என்றால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.
3. 20 விநாடி விளையாடிவிட்டு மறுபடி கன்ட்ரோல்+எஃப்6 அழுத்துங்கள்.
4. டாஸ்பாக்ஸை மூடுங்கள். தொடக்கப் பட்டியலில் டாஸ்பாக்ஸ் பகுதிக்குள் பதிவுகள் இருக்கும் கோப்புறைக்குக் குறுக்குவழி இருக்கிறது. அங்கே புதிதாக வந்த வேவ் கோப்பை எந்த பிளேயரிலாவது திறந்து கேளுங்கள். எத்தனை விநாடி ஓடுகிறது என்றும் பாருங்கள்.

விளையாடியது 20 விநாடி, பதிவு 14 விநாடிதான், கேட்டால் சத்தம் சீராக இருக்கிறது என்றால், உங்கள் கணினி ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. சைக்கிள்ஸ் கூடுதல், அல்லது வேறு ஏதோ சுமை.

பதிவும் 20 விநாடி, சத்தமும் சீர், ஆனால் விளையாடும்போது மட்டும் வெட்டியது என்றால் தொட்டி சிறியது.

பதிவு 20 விநாடி, அதிலும் அதே வெட்டு என்றால் கோளாறு போலிக் கணினிக்குள்ளேயே இருக்கிறது. சைக்கிள்ஸ் குறைவு, அல்லது சவுண்ட் கார்டு அமைப்பு பொருந்தவில்லை.

பதிவில் துப்பாக்கிச் சத்தம் இருக்கிறது, இசை மட்டும் அறவே இல்லை என்றால் இசை மிடி வழியாக (ஒலியாக இல்லாமல் வெறும் இசைக்குறிப்புகளாக) நேரே விண்டோஸுக்குப் போகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அமைப்புக் கோப்பைத் திறப்பது, அதில் உள்ள பொறிகள்

தொடக்கப் பட்டியலில் டாஸ்பாக்ஸ் பகுதியில் 'ஆப்ஷன்ஸ்' என்று பெயர் முடியும் குறுக்குவழியைச் சொடுக்கினால் கோப்பு நோட்பேடில் திறக்கும். சதுர அடைப்புக்குள் தலைப்புகள் இருக்கும்: எஸ்டிஎல், டாஸ்பாக்ஸ், ரெண்டர், சிபியு, மிக்ஸர், மிடி, எஸ்பிபிளாஸ்டர் என்று வரிசையாக. ஹேஷ் குறியோடு தொடங்கும் வரிகள் வெறும் விளக்கம்; அவற்றை மாற்றினால் ஒன்றும் நடக்காது. மாற்றிச் சேமித்தபின் டாஸ்பாக்ஸை மூடித் திறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அமைப்புக் கோப்பு உண்டு. பழைய 0.74-இன் கோப்பை மாற்றினால் 0.74-3 அதைத் திரும்பிப் பார்க்காது. ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடையில் வாங்கிய கேம்கள் தமக்கென்று ஒரு டாஸ்பாக்ஸையும், கேமின் கோப்புறையிலேயே இரண்டு தனி அமைப்புக் கோப்புகளையும் கொண்டுவரும். ஒன்றில் அமைப்புகள் இருக்கும், 'சிங்கிள்' என்று பெயர் முடியும் மற்றதில் கேமைத் தொடங்கும் கட்டளைகள் இருக்கும். அப்படி வந்த கேமுக்குப் பொதுக் கோப்பில் என்ன மாற்றினாலும் பயனில்லை. எதை மாற்றினாலும் துளி வித்தியாசம்கூடத் தெரியவில்லை என்றால், தவறான கோப்பைத் திருத்துகிறோமோ என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

பதிவு குறுகியிருந்தால்: சைக்கிள்ஸைக் குறையுங்கள்

சாளரத்தின் தலைப்புப் பட்டையில் சிபியு வேகம் எழுதியிருக்கும். அதில் ஓர் எண் இருந்தால் வேகம் நிலையாக இருக்கிறது. 'மேக்ஸ் 100%' என்று இருந்தால் கணினியில் உள்ள சக்தி முழுவதையும் டாஸ்பாக்ஸ் உறிஞ்ச முயல்கிறது.

கோப்பில் சைக்கிள்ஸ்=ஆட்டோ என்று இருப்பது வழக்கம். கேம் சிபியுவின் பழைய இயக்க முறையான ரியல் மோடில் ஓடும்வரை ஆட்டோ 3000-ஐ வைத்துக்கொள்ளும். பின்னால் வந்த புரொடெக்டட் மோடுக்கு மாறும் கேம் என்றால் மேக்ஸுக்குத் தாவிவிடும். 1993-இல் வந்த டூம் இந்த இரண்டாவது வகை. அது தொடங்கும்போது டாஸ்/4ஜிடபிள்யூ என்று ஒரு வரி வந்து போகுமே, அதுதான் அடையாளம். பழைய கணினியில் மேக்ஸ் தொல்லை கொடுப்பதற்குக் காரணம் எளிது. டாஸ்பாக்ஸ் 'எவ்வளவு முடியும்' என்று அளந்துவைத்துக்கொண்டு அத்தனையையும் கேட்கிறது. அந்த நேரத்தில் வைரஸ் ஸ்கேனோ பிரவுசரோ கொஞ்சம் சக்தியைப் பிடுங்கிக்கொண்டால் கணக்கு தப்பி, தொட்டி காய்ந்துபோகிறது.

முதலில் சிபியு பகுதியில் இப்படி மாற்றிப் பாருங்கள்:

சைக்கிள்ஸ்=மேக்ஸ் 80%

இருபது சதவீதம் விண்டோஸுக்கு விட்டுவைத்தாலே பல கணினிகளில் வெட்டு நின்றுவிடும். கோப்பைத் தொடாமல் சோதிக்க வேண்டுமானால், மேக்ஸில் இருக்கும்போது கன்ட்ரோல்+எஃப்11 ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஐந்து சதவீதம் குறைக்கும்.

அப்படியும் அலைபாய்ந்தால் நிலையான எண்ணுக்குப் போங்கள். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. டூமையே எடுத்துக்கொள்வோம்.

சைக்கிள்ஸ்=ஃபிக்ஸ்ட் 20000 என்று வைத்து கேமைத் தொடங்குங்கள். முதல் அறையில் சத்தம் சுத்தமாக வரும், படம் கொஞ்சம் தடுக்கும். இப்போது கன்ட்ரோல்+எஃப்12. ஒவ்வொரு அழுத்தலும் பத்து சதவீதம் ஏற்றும்: 22000, 24200, 26620, 29282, 32210 என்று தலைப்புப் பட்டையில் எண் ஏறுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் அரை நிமிடமாவது விளையாடுங்கள். வெறும் அறையில் நின்றால் போதாது. நாலைந்து எதிரிகள் சேர்ந்து சுடும் இடத்தில்தான் சுமை தெரியும். ஏதோ ஒரு பழைய லேப்டாப்பில் 32210-இல் சத்தம் உடையத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிறுத்தி கன்ட்ரோல்+எஃப்11-ஐ ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். இறங்கும் படி ஏறும் படியைவிடப் பெரியது, ஆகவே சுமார் 27000-க்கு வந்து நிற்கும். அதுதான் அந்தக் கணினியில் அந்த கேமுக்கான எண். கோப்பில் எழுதிவிடுங்கள். சத்தம் உடைந்த எண்ணுக்கு ஓர் ஏறுபடி மட்டும் கீழே, 29282-இல், விளிம்பை ஒட்டி நிற்க ஆசைப்படாதீர்கள். வெயில் நாளில் கணினி சூடேறி வேகம் குறைந்தால் அன்றைக்கே மறுபடி திக்கும்.

எந்த எண்ணில் தொடங்குவது என்பதற்கு, அந்தக் காலக் கணினிகளின் வேகம் தோராயமாக இப்படி வரும்:

286, 12 மெகாஹெர்ட்ஸ்: 1500
386, 33 மெகாஹெர்ட்ஸ்: 6000
486, 33 மெகாஹெர்ட்ஸ்: 12000
486, 66 மெகாஹெர்ட்ஸ்: 24000
பென்டியம், 100 மெகாஹெர்ட்ஸ்: 60000-உம் அதற்கு மேலும்

கேம் வந்த ஆண்டில் நல்ல கணினி என்று எதைச் சொன்னார்களோ அந்த எண்ணில் தொடங்குங்கள். 1990-இல் வந்த கேமுக்கு 60000 கொடுத்தால் சுமை கூடுவது மட்டும் இல்லை. வெறும் சுற்றுகளை எண்ணியே நேரத்தை அளந்த பழைய கேம்கள், கணினி வேகமாக இருந்தால் ஆட்லிப் என்ற பழைய இசை கார்டு இருப்பதையே கண்டுபிடிக்காமல் ஊமையாக ஓடும். டர்போ பாஸ்கலில் எழுதிய சில நிரல்கள் 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லிவிட்டுத் தொடங்காமலே நின்றுவிடும்.

டாஸ்க் மேனேஜரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. '13 சதவீதம்தான் காட்டுகிறது, கணினி சும்மாதானே இருக்கிறது' என்று தோன்றும். போலிக் கணினியின் வேலை ஒரே ஒரு கோரில் நடக்கிறது. எட்டு லாஜிக்கல் புராசஸர் உள்ள கணினியில் அந்த ஒன்று முழுக்க நிரம்பினால் காட்டும் அளவு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். நான்கு என்றால் 25. அந்த எண்ணில் அசையாமல் நின்றால் டாஸ்பாக்ஸ் தன் எல்லையை முட்டிவிட்டது என்று அர்த்தம். இன்னும் எத்தனை கோர் இருந்தாலும் உதவாது.

சைக்கிள்ஸைக் குறைத்தும் பதிவு குறுகுகிறதா?

சுமை வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் படத்தில். ரெண்டர் பகுதியில், படத்தைப் பெரிதாக்கும் விதத்தைச் சொல்லும் ஸ்கேலர் என்ற வரியில் எச்கியூ2எக்ஸ், எச்கியூ3எக்ஸ் போன்ற அலங்கார வகைகள் இருந்தால் நார்மல்2எக்ஸ் அல்லது நன் ஆக்குங்கள். அந்த அலங்காரம் ஒவ்வொரு சட்டகத்துக்கும் சிபியுவைக் கறக்கிறது. எஸ்டிஎல் பகுதியில் அவுட்புட்=சர்ஃபேஸ் என்றிருப்பதை ஓபன்ஜிஎல் ஆக்கினால், முழுத்திரையில் படத்தைப் பெரிதாக்கும் வேலை கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போய்விடும். சிபியு பகுதியில் கோர்=ஆட்டோ என்றே இருக்கட்டும். யாரோ நார்மல் என்று மாற்றிவைத்திருந்தால் டூம் போன்ற கேம்கள் பல மடங்கு மெதுவாகும்.

லேப்டாப் பேட்டரியில் ஓடினால் சார்ஜரைச் செருகி, பவர் அமைப்பில் சிக்கனத்தை விட்டு வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிட வேலை. இதிலேயே தீர்ந்துவிடும் கோளாறுகள் நிறைய.

ஃப்ரேம்ஸ்கிப் கடைசி ஆயுதம். கன்ட்ரோல்+எஃப்8 ஒவ்வொரு தடவையும் ஒரு சட்டகத்தைக் கூடுதலாக விட்டுவிடும். கன்ட்ரோல்+எஃப்7 திரும்பக் கொண்டுவரும். 1 அல்லது 2 வரை கண்ணுக்கு அதிகம் தெரியாது. அதற்கு மேல் போனால் சத்தம் நன்றாக இருந்தும் விளையாட முடியாது.

பதிவு சரி, ஸ்பீக்கரில்தான் வெட்டு: தொட்டியைப் பெரிதாக்குங்கள்

ப்ளூடூத் ஹெட்ஃபோன் என்றால் முதலில் அதைக் கழற்றிவிட்டு ஒயர் உள்ள ஒன்றில் கேட்டுப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் டாஸ்பாக்ஸில் எதையும் தொட வேண்டாம்.

மிக்ஸர் பகுதியில் மூன்று வரிகள் நமக்கு முக்கியம். ரேட் 44100 என்றும், பிளாக்சைஸ் 1024 என்றும், பிரீபஃபர் 20 அல்லது 25 என்றும் இருக்கும். பிளாக்சைஸ் மாதிரிகளின் எண்ணிக்கை, பிரீபஃபர் மில்லி விநாடி. 1024-ஐ 44,100-ஆல் வகுத்தால் 23 மில்லி விநாடி வரும். விண்டோஸ் ஒரு தடவை கேட்டு வாங்கும் துண்டின் நீளம் அது. 2048 என்றால் 46, 4096 என்றால் 93.

இப்படி மாற்றுங்கள்:

பிளாக்சைஸ்=2048
பிரீபஃபர்=50

பெரும்பாலும் இதுவே போதும். போதாவிட்டால் 4096-உம் 80-உம். பிளாக்சைஸுக்கு 256, 512, 1024, 2048, 4096, 8192 ஆகியவை மட்டுமே செல்லும். 3000 என்று நீங்களாக ஓர் எண்ணைப் போடாதீர்கள்.

தொட்டியைப் பெரிதாக்கினால் அதற்கொரு விலை உண்டு: சத்தம் தாமதமாக வரும். 8192 என்றால் ஒரு துண்டே 186 மில்லி விநாடி. துப்பாக்கி சுட்டு எதிரி விழுந்தபின்தான் வெடிச்சத்தம் கேட்கும். பேசிப் பேசி நகரும் சாகசக் கதை கேம்களில் யாருக்கும் தெரியாது, சுடும் கேமில் எரிச்சலூட்டும். ஆகவே வெட்டு நிற்கும் மிகச் சிறிய எண் எதுவோ அதில் நிறுத்திக்கொள்ளுங்கள். சிலர் பாதுகாப்புக்கு என்று நேராக 8192-க்குத் தாவிவிட்டு, பிறகு 'சத்தம் பின்னால் வருகிறது' என்று வேறு கோளாறைத் தேடி அலைவார்கள்.

ரேட்டை 48000-க்கு ஏற்றினால் தரம் கூடும் என்று நினைக்க வேண்டாம். டூமின் துப்பாக்கிச் சத்தங்களே விநாடிக்கு 11,025 மாதிரியில் பதிவானவைதாம். மிகப் பழைய கணினியில் ரேட்டை 22050-க்கு இறக்குவது பயன்தரும்: மிக்ஸரின் வேலை பாதியாகும், அதே 1024 பிளாக்சைஸ் இப்போது 46 மில்லி விநாடி தாங்கும். இறக்கினால் எஸ்பிபிளாஸ்டர் பகுதியில் ஓபிஎல்ரேட்டையும் 22050 ஆக்குங்கள். விளக்க வரிகளில் 49716 என்று ஒரு விசித்திர எண்ணைப் பார்க்கலாம். தட்டச்சுப் பிழை இல்லை. ஆட்லிப் கார்டில் இருந்த யமஹா இசைச் சிப்பின் சொந்த வேகம் அது.

பதிவிலும் வெட்டு இருந்தால்

சைக்கிள்ஸை இந்தத் தடவை ஏற்றிப் பாருங்கள். ஆட்டோ 3000-இல் நிறுத்திவைத்த ரியல் மோடு கேம்கள் சிலவற்றுக்கு 6000-மோ 10000-மோ தேவைப்படும். பேச்சுக்குரல் உள்ளவை முக்கியமாக. ஏற்ற ஏற்றச் சீரானால் வேலை முடிந்தது.

ஏற்றியும் மாறாமல், சத்தத்தில் ஒரு துண்டு மட்டும் வந்து நின்றுவிட்டாலோ, அதே துண்டு 'தட-தட-தட' என்று திரும்பத் திரும்ப ஓடினாலோ, அது வேகப் பிரச்சினையே இல்லை. ஐஆர்க்யூ எண் பொருந்தவில்லை. டாஸ்பாக்ஸ் போலச் செய்து காட்டும் சவுண்ட் கார்டான சவுண்ட் பிளாஸ்டர் தன் கையில் உள்ள ஒலித்துண்டை வாசித்து முடித்ததும் 'தீர்ந்துவிட்டது, அடுத்ததைக் கொடு' என்று ஐஆர்க்யூ வழியாக மணி அடிக்கும். கார்டு 7-ஆம் மணியை அடிக்க, கேம் 5-ஆம் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால், அடுத்த துண்டு வரவே வராது. டாஸ்பாக்ஸில் இயல்பாக இருப்பது போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1, ஹை டிஎம்ஏ 5. பல கேம்கள் தாமாக 5-ஐ ஊகித்துக்கொள்ளும். அந்தக் காலத்து கார்டுகளில் 5 பரவலாக இருந்ததன் மிச்சம்.

சரிசெய்ய வேண்டியது கேமின் பக்கத்தில். கேமின் கோப்புறையில் செட்டப் அல்லது சவுண்ட்செட் என்ற பெயரில் ஒரு நிரல் இருக்கும். டூமில்:

1. செட்டப் நிரலை ஓட்டி, சவுண்ட் கார்டு அமைப்புக்குள் போங்கள்.
2. இசைக்கும் ஒலி விளைவுக்கும் சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தெடுங்கள்.
3. போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 கொடுங்கள்.
4. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைக் கலப்பது என்று கேட்கும். 1 முதல் 8 வரை தரலாம். 3 போதும். 8 கொடுத்தால் ஒலிகளைக் கலக்கும் வேலை போலி சிபியு தலையில் கூடும், அதற்கு இன்னும் சைக்கிள்ஸ் வேண்டும்.
5. சேமித்து வெளியேறுங்கள்.

எந்த கார்டைத் தேர்வது என்ற குழப்பத்துக்கு ஆண்டைப் பாருங்கள். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் முதல் சவுண்ட் பிளாஸ்டரை 1989-இல் கொண்டுவந்தது, சவுண்ட் பிளாஸ்டர் 16 வந்தது 1992-இல். 1990-இல் எழுதிய கேமுக்குப் பின்னால் வந்த 16-ஐப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதன் பட்டியலில் வெறும் சவுண்ட் பிளாஸ்டர் அல்லது ஆட்லிப் என்பதையே தேர்ந்தெடுங்கள். 'சவுண்ட் பிளாஸ்டர் புரோ' மட்டும்தான் இருக்கிறது, அதில் ஒலி கோணலாக வருகிறது என்றால், கோப்பில் எஸ்பிடைப் வரியை எஸ்பிபுரோ2 என்று மாற்றிப் பாருங்கள்.

வெட்டு இல்லை, கரகரப்பு

அமைதியான இடத்தில் நன்றாக இருந்து, வெடியும் இசையும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது மட்டும் கரகரத்தால், ஒலி அளவு கூரையில் முட்டி நசுங்குகிறது. தொட்டியைப் பெரிதாக்கினால் தீராது. டாஸ்பாக்ஸ் கட்டளை வரியில் மிக்ஸர் என்று தட்டினால் ஒவ்வொரு வாய்க்காலின் அளவும் தெரியும். இசை எஃப்எம் என்ற பெயரிலும், பேச்சும் வெடியும் எஸ்பி என்ற பெயரிலும் இருக்கும்.

மிக்ஸர் எஃப்எம் 60:60

என்று தட்டினால் இசை இரண்டு பக்கமும் 60 சதவீதத்துக்கு இறங்கும். எஸ்பியையும் அதேபோல 70-க்கு இறக்கிவிட்டு, சத்தம் போதவில்லை என்றால் ஸ்பீக்கரில் ஏற்றிக்கொள்ளுங்கள். டாஸ்பாக்ஸை மூடினால் இது மறந்துபோகும். கோப்பின் அடியில் ஆட்டோஎக்ஸெக் பகுதியில், கேமைத் தொடங்கும் வரிக்கு முன்னால் இந்த வரியைச் சேர்த்தால் ஒவ்வொரு தடவையும் தானாக நடக்கும்.

புதிய வகை டாஸ்பாக்ஸ் என்றால்

டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற கிளையில் மேலே சொன்ன பல தொல்லைகள் குறைவு. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் நேரே அதிலேயே தொடங்கலாம் என்பதே எங்கள் கருத்து. அதன் புதிய பதிப்புகளில் ஆட்டோ, மேக்ஸ் என்ற ஊகத்துக்குப் பதில் இரண்டு தனி வரிகள்: சிபியு சைக்கிள்ஸ் 3000, புரொடெக்டட் மோடுக்கு 60000. பழைய லேப்டாப்பில் அந்த 60000 மிஞ்சிப் போகலாம். மேலே சொன்ன ஏற்றி இறக்கும் முறை அதற்கும் பொருந்தும். பிளாக்சைஸ், பிரீபஃபர் வரிகள் அதிலும் உண்டு, கன்ட்ரோல்+எஃப்6-உம் உண்டு. பிரவுசருக்குள்ளேயே ஓடும் டாஸ் கேம்களில் இந்த வரிகள் எதுவும் கைக்கு எட்டாது. அங்கே திக்கினால் மற்ற டேப்களை மூடிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இசை மட்டும் தடுமாறினால்

வேவ் பதிவில் இசையே இல்லை என்றால், கேம் ஜெனரல் மிடி அல்லது ரோலண்ட் என்ற தேர்வில் இருக்கிறது. அந்த இசையை டாஸ்பாக்ஸ் வாசிப்பதில்லை. குறிப்புகளை மட்டும் விண்டோஸின் மிடி சின்தசைசரிடம் கொடுத்துவிடுகிறது. அது கொஞ்சம் தாமதமாகத்தான் வாசிக்கும், பிளாக்சைஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேமின் செட்டப்பில் இசையை ஆட்லிப் அல்லது சவுண்ட் பிளாஸ்டருக்கு மாற்றினால் மிக்ஸர் வழியாகவே வரும், மேலே செய்த திருத்தங்களும் அதற்குப் பொருந்தும். இசையின் குணம் மாறும். ஆர்கெஸ்ட்ரா போன்றது போய் ஆட்லிப் சிப் உருவாக்கும் பழைய எஃப்எம் இசை வரும். அதைத்தான் தேடி வருகிறவர்களும் உண்டு.

சீடியில் வந்த கேம்களில் பாட்டு மட்டும் வெட்டினால், நிஜ சீடி டிரைவைக் கைவிடுங்கள். சுழற்சி நின்று நின்று தொடங்கும் டிரைவில் பாட்டும் நின்று நின்றுதான் வரும். சீடியை கியூ, பின் இரண்டு கோப்புகளாகப் படியெடுத்து, ஐஎம்ஜிமவுன்ட் கட்டளையில் கியூ கோப்பின் பெயரைக் கொடுத்து டி டிரைவாக ஏற்றுங்கள். வகை என்ற இடத்தில் ஐசோ. பின் கோப்பையோ தனி ஐசோ கோப்பையோ நேராகக் கொடுத்தால் கேம் ஓடும், பாட்டு வராது. எந்தப் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியல் கியூ கோப்பில்தான் இருக்கிறது.